முதல், கரு, உரி: பினாங்கிலிருந்து ஓர் ஆஸ்திரேலியக் குறிப்பேடு எழுதும் முறை

பினாங்கிலும் செபராங் பிறையிலும் பிள்ளையையோ தங்கையையோ ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பிவைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்குப் பஞ்சமில்லை. அந்த நாட்டைப் பற்றி நமக்கு வந்து சேர்வனவோ வாட்ஸ்அப்பில் வரும் கடற்கரைப் படங்களும், வீட்டு வாடகை குறித்த பெருமூச்சும், டாலருக்கு எத்தனை ரிங்கிட் என்ற கணக்கும்தான். அங்குள்ள மனிதர்கள் எந்தப் பாட்டைக் கேட்டால் கண் கலங்குகிறார்கள், பள்ளியில் எந்தக் கவிதையை மனப்பாடம் செய்கிறார்கள், விடியற்காலையில் எந்தப் பறவையின் குரலுக்குக் கண் விழிக்கிறார்கள் என்பவை பெரும்பாலும் நம் காதுக்கு எட்டுவதில்லை. அவற்றை எட்டவைக்க ஒரு குறிப்பேடு போதும். வாரத்துக்கு ஒரு பாட்டோ ஒரு கவிதையோ, அதனுடன் அங்குள்ள அன்றாட வாழ்விலிருந்து ஒரு செய்தி, பிறகு உங்கள் சொந்தச் சிந்தனையில் அரைப் பக்கம் என எழுதி வந்தால், ஓராண்டில் அந்த நாடு பழகிய முகமாகிவிடும்.

இதற்கான முறை நம்மிடமே இருக்கிறது. ஒரு கவிதையின் பொருளைத் தொல்காப்பியம் மூன்றாகப் பிரிக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியவை கருப்பொருள். அந்த நிலத்துக்கும் பொழுதுக்கும் உரிய மன உணர்வு உரிப்பொருள். தேர்வுக்காக மனப்பாடம் செய்து மறந்த அந்தப் பாகுபாடு, முன்பின் தெரியாத ஒரு நாட்டின் கவிதையைக் கையில் எடுப்பவருக்கு மிகவும் கைகொடுக்கும். கவிஞரின் வாழ்க்கை வரலாற்றிலிருந்து தொடங்கச் சொல்லும் வழிகாட்டிகள் பல உண்டு. நான் வானிலையிலிருந்து தொடங்கச் சொல்வேன். உணவும் தொழிலும் வாத்தியமும் கருப்பொருளில் அடங்கிவிடுவதால், இசை, கவிதை, அன்றாட வாழ்க்கை என மூன்று தனி ஏடுகள் தேவைப்படுவதில்லை. ஏட்டைத் திறந்தால் இடப்பக்கத்தில் முதல், கரு, உரி என்று மூன்று பகுதிகள் இருக்கட்டும். வலப்பக்கம் உங்களுடையது.

எந்த ஊரிலிருந்து தொடங்குவது என்று கேட்டால், உறவினர் இருக்கும் ஊரைச் சொல்வேன். அப்படி யாரும் இல்லாதவர்கள் அடிலெய்டை எடுத்துக்கொள்ளலாம். 1786-இல் பினாங்கில் ஆங்கிலேயக் குடியிருப்பை நிறுவிய பிரான்சிஸ் லைட்டின் மகன் வில்லியம் லைட்தான் 1836-இல் அடிலெய்டு நகரத்துக்கு இடம் தேர்ந்து அதன் தெருக்களை வகுத்தவர். கார்ன்வாலிஸ் கோட்டையில் நிற்கும் தந்தையின் சிலைக்கே மகனின் சாயலைத்தான் மாதிரியாகக் கொண்டார்கள் என்பார்கள், ஏனெனில் தந்தையின் உருவப்படம் எதுவும் கிடைக்கவில்லை. ஜார்ஜ்டவுனும் அடிலெய்டும் 1973 முதல் சகோதர நகரங்கள். பட்டர்வொர்த் விமானத் தளமும் 1988-இல் மலேசியாவிடம் ஒப்படைக்கப்படும் வரை ஆஸ்திரேலிய விமானப்படையின் பொறுப்பில் இருந்தது. அந்தக் காலத்தில் ஆஸ்திரேலியக் குடும்பங்களின் வீடுகளில் வேலை பார்த்த மூத்தவர்கள் உங்கள் உறவில் இருந்தால், அவர்களுடைய நினைவுகளே குறிப்பேட்டின் முதல் பதிவாகட்டும்.

கடிகாரமும் பருவமும்

முதற்பொருளில் பொழுதைச் சரியாகப் பிடிக்காவிட்டால் மற்ற எல்லாம் தடுமாறும். ஆகையால் ஏட்டின் முதல் பக்கத்தில் நேர வித்தியாசத்தை எழுதி வையுங்கள். தீபகற்ப மலேசியா 1982-இல் தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே நகர்த்தியதிலிருந்து பினாங்குக்கும் பெர்த்துக்கும் ஒரே நேரம். பிரிஸ்பேன் ஆண்டு முழுவதும் நமக்கு 2 மணி நேரம் முன்னால் ஓடுகிறது. சிட்னியும் மெல்பர்னும் 2 மணி நேரமும் அடிலெய்டு ஒன்றரை மணி நேரமும் முன்னால் இருப்பவை. ஆனால் அக்டோபர் முதல் ஞாயிறு தொடங்கி ஏப்ரல் முதல் ஞாயிறு வரை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் கூட்டிவைப்பதால், அந்த மாதங்களில் வித்தியாசம் முறையே 3 மணி, இரண்டரை மணி என்றாகிவிடும்.

அடுத்த பக்கத்தில் நம் பண்டிகைகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரில் அங்குள்ள பருவத்தைக் குறியுங்கள். பொங்கல் நடுக்கோடை. தண்ணீர்மலைக்குக் காவடி ஏறும் தைப்பூசக் காலத்தில் அங்குள்ள பிள்ளைகள் கோடை விடுமுறை முடிந்து புதிய வகுப்புக்குப் போகிறார்கள். சித்திரைப் புத்தாண்டு இலையுதிர் காலத்திலும், ஆடி மாதம் கடுங்குளிரிலும், தீபாவளி இளவேனிலிலும் வருகின்றன. மார்கழியில் அடிலெய்டின் பகல் ஏறத்தாழ பதினான்கரை மணி நேரம் நீள்கிறது, இரவு எட்டரை மணிக்குத்தான் பொழுது சாய்கிறது. ஜூன் மாதத்திலோ பகல் பத்து மணி நேரம்கூட இல்லை. ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவுப் பகலில் வாழும் நமக்கு, மாலை வெளிச்சம் பற்றி அங்குள்ளவர் எழுதும் ஒரு வரியின் கனம் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் பிடிபடும்.

மார்கழி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. பினாங்கில் மார்கழிப் பனி ஏது? கொடிமலை உச்சியில்கூடக் கொஞ்சம் குளிர்காற்றுதான். இருந்தும் நாம் விடியற்காலையில் எழுந்து பனியையும் நீராடலையும் பாடுகிறோம். நமக்கு வாய்க்காத பருவங்களைப் பாட்டில் சுமந்து திரிவது நமக்குப் பழகிப்போன காரியம். ஆஸ்திரேலியாவின் வெள்ளையர் கவிதையும் இதே இக்கட்டில்தான் பிறந்தது என்பதைப் பின்னால் பார்ப்போம்; அதை விளங்கிக்கொள்வதில் மற்றவர்களைவிட நமக்கு ஓர் அனுகூலம் உண்டு என்றே நினைக்கிறேன்.

நான்கு பருவக் கணக்கும் அந்த நிலத்துக்கு வெளியிலிருந்து வந்ததுதான். பெர்த்தைச் சுற்றியுள்ள தென்மேற்குப் பகுதியின் ஆதிகுடிகளான நூங்கார் மக்கள் ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுக்கிறார்கள்: பிராக், புனுரு, ஜெரான், மக்குரு, ஜில்பா, கம்பராங். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்ற நம் பெரும்பொழுதுகளைப் போலவே ஒவ்வொன்றும் ஏறத்தாழ இரண்டு மாதம். பெர்த்தில் உறவினர் இருப்பவர்கள் இந்த இரண்டு வரிசைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்தால், குறிப்பேட்டின் மிகச் சிறந்த பக்கம் அதுவாகவே அமையக்கூடும்.

காதிலிருந்து தொடங்குவது

பாட்டையும் கவிதையையும் தொடுவதற்கு முன் சில வாரம் வெறும் வானொலி கேளுங்கள். அந்நாட்டுப் பொது ஒலிபரப்பு நிறுவனமான ஏபிசியின் நகர நிலையங்களை இணையத்தில் நேரலையாகக் கேட்கலாம். அடிலெய்டின் காலை நிகழ்ச்சி நம் விடியற்பொழுதில் வருவதால், பசியாறுவதற்கு முன் கேட்டுவிட முடியும். செய்தியைவிட வானிலையையும் போக்குவரத்தையும், நேயர்கள் தொலைபேசியில் அழைத்துப் புலம்புவதையும் கவனியுங்கள். கோடையில் காட்டுத்தீ அபாய அளவைத் தினமும் சொல்வார்கள். 2022 முதல் நாடு முழுவதற்கும் மிதம், அதிகம், மிகத் தீவிரம், பேரழிவு என நான்கு நிலைகள். மழை வருமா என்று கேட்டுப் பழகிய காதுக்கு, இன்று நிலம் எரியுமா என்று ஒரு நாடே ஒவ்வொரு காலையும் கேட்டுக்கொள்வது புதிய அனுபவம். இதை ஏட்டில் முதற்பொருளின் கீழ் எழுதுங்கள். டிசம்பர் 26-ஆம் தேதி மெல்பர்னில் தொடங்கும் கிரிக்கெட் டெஸ்டின் வர்ணனையும் அங்கே கோடையின் ஓசைகளில் ஒன்று. ஆட்டம் புரியாவிட்டாலும் சிறிது நேரம் ஓடவிடலாம்.

தமிழிலேயே கேட்க விரும்புவோருக்கு எஸ்பிஎஸ் தமிழ் இருக்கிறது. 1975-இல் சிட்னியிலும் மெல்பர்னிலும் பல மொழிகளில் ஒலிபரப்பத் தொடங்கிய இரண்டு சிறு நிலையங்களிலிருந்து வளர்ந்த அமைப்பு அது. மின்னல் எஃப்எம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அதன் தமிழ் சற்று வேறாக ஒலிக்கும், ஏனெனில் அங்குள்ள தமிழ்ச் சமூகத்தில் ஈழத்தவர் பலர். அன்றாட வாழ்வுக்கான தகவலுக்கு அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது: குத்தகைச் சட்டம், பள்ளிச் சேர்க்கை, மருத்துவ அட்டை என எல்லாம் வரும்.

பறவைகளை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். கருப்பொருளில் புள்ளுக்கு இடம் கொடுத்த மரபு நம்முடையது. ஆஸ்திரேலியக் கவிதைகளில் அடிக்கடி வரும் மேக்பை, கருப்பும் வெள்ளையுமான பறவை; புல்லாங்குழலைப் பல துளைகளையும் ஒரே நேரத்தில் திறந்து ஊதியதுபோல் அதன் குரல் குழைந்து உருளும். அதன் ஒலிப்பதிவைக் கேட்காமல் அதைப் பற்றிய கவிதையைப் படிப்பது வீண். குயிலும் அங்கே உண்டு. நம் குயிலின் நெருங்கிய இனமான அது, ஆண்டுதோறும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் வடக்கிலிருந்து பறந்து வந்து பிரிஸ்பேன், சிட்னி வட்டாரங்களில் கோடை முடியும் வரை தங்கும். காகத்தின் கூட்டைத் தேடாமல் வாட்டில்பேர்டு போன்ற பறவைகளின் கூட்டில் முட்டையிடும். இளவேனில் பிறக்கக் குயில் கூவும் என்ற நம் பழைய கவிதை வழக்கு, ஆண்டு முழுவதும் குயில் கத்தும் பினாங்கில் பொருந்துவதில்லை. சிட்னியில் அப்படியே பொருந்துகிறது. ஆனால் சிட்னிவாசிகள் அதிகாலை நாலு மணிக்குக் கத்தும் அந்தப் பறவையைத் திட்டித் தீர்க்கிறார்கள்.

உறவினருடன் பேசும்போதும் கேள்வியை மாற்றிப் பாருங்கள். “சாப்பிட்டாயா, படிக்கிறாயா” என்று கேட்டால் அடிலெய்டில் இருக்கும் என் தங்கை மகளிடமிருந்து “ம்” என்பதற்கு மேல் எதுவும் வராது. “இன்று வழியில் என்ன சத்தம் கேட்டாய்?” என்று ஒரு செப்டம்பரில் கேட்டபோது கொட்டித் தீர்த்துவிட்டாள்: “ஐயோ மாமா, மேக்பை துரத்தித் துரத்திக் கொத்துது. ஹெல்மெட்டுல முள்ளு மாதிரி கேபிள் டை கட்டிக்கிட்டுத்தான் யூனிக்கு சைக்கிள்ல போறேன்.” கூடு கட்டும் பருவத்தில் ஆண் மேக்பைகள் வழிப்போக்கர்களைத் தாக்குவதும், சைக்கிள் ஓட்டுபவர்கள் தலைக்கவசத்தில் பிளாஸ்டிக் கட்டுப்பட்டைகளைச் சிலிர்த்து நிற்கும்படி கட்டிக்கொள்வதும் அங்கே ஆண்டுதோறும் நடப்பவை. கவிதைகளில் அவ்வளவு இனிமையாகப் பாடும் பறவைதான் இது என்பதை அறிந்த பிறகு, அந்தக் கவிதைகள் சற்றே வேறாகத் தெரிகின்றன.

கவிதையைப் படிக்கும் முறை

முதல் கவிதையாக டோரதியா மக்கெல்லரின் ‘மை கன்ட்ரி’யை எடுத்துக்கொள்ளலாம். இங்கிலாந்தில் இருந்தபோது ஊர் ஏக்கத்தில் அவர் எழுதிய இந்தக் கவிதை 1908-இல் லண்டன் இதழொன்றில் வெளிவந்தது. ஆஸ்திரேலியர்கள் பெரும்பாலும் வெயிலில் காய்ந்த நாட்டைப் பற்றிய அதன் இரண்டாம் பத்தியைத்தான் சொல்வார்கள். நீங்கள் முதல் பத்தியை விடாமல் படியுங்கள். பசும் வயலும் நிழல் படர்ந்த ஒற்றையடிப் பாதையுமாக இருக்கும் இங்கிலாந்தின் மென்மையான நிலத்தை நேசிப்பவர்களை முன்னிறுத்தி, அந்த நேசம் எனக்கு வாய்க்கவில்லை என்று சொல்லித்தான் அவர் தன் நாட்டுக்கு வருகிறார். பிறர் நாட்டுப் பருவங்களைப் பாடி வளர்ந்த ஒரு சமூகத்தில், வறட்சியையும் வெள்ளத்தையும் காட்டித் தன் நிலம் இதுதான் என்று ஒரு பெண் சொன்ன சொல் அது. அதனால்தான் அந்தக் கவிதை அங்கே அவ்வளவு தூரம் வேரூன்றியது.

அடுத்து பாஞ்சோ பேட்டர்சன். அவருடைய கவிதைகளையும் ஹென்றி லாசனின் கவிதைகளையும் புராஜெக்ட் குட்டன்பெர்க் தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். அவை முதலில் வெளிவந்த ‘தி புல்லட்டின்’ வார இதழின் பழைய பக்கங்களையே பார்க்க விரும்பினால், ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் டிரோவ் தளத்தில் அச்சிட்டபடியே கிடைக்கின்றன. ‘கிளான்சி ஆஃப் தி ஓவர்ஃப்ளோ’ என்ற கவிதை 1889 டிசம்பர் 21-ஆம் தேதி இதழில் வந்தது. சிட்னியில் வழக்கறிஞராக இருந்த பேட்டர்சன், புழுதி படிந்த அலுவலக அறையில் உட்கார்ந்திருக்கும் ஒருவன், எங்கோ வெட்டவெளியில் மாடு ஓட்டிக்கொண்டு திரியும் கிளான்சிக்குக் கடிதம் போட்டு, அவன் வாழ்க்கையை எண்ணிப் பொறாமைப்படுவதாக எழுதியிருக்கிறார்.

இதை மௌனமாகப் படிக்காமல் தாளம் போட்டு வாய்விட்டுப் படிக்க வேண்டும். ஒவ்வொரு நீண்ட அடியிலும் எட்டுச் சீர்கள். சீருக்கு அழுத்தமான அசை ஒன்றும் அடுத்து மெல்லிய அசை ஒன்றுமாக நடை விழுகிறது. ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கைக்கு அடி சரியாகப் பொருந்துகிறது, ஓர் ஆவர்த்தனத்துக்கு ஓர் அடி. சுண்டுவிரல் எண்ணிக்கை எங்கே விழுகிறது, அடுத்த தட்டு எந்தச் சொல்லின் மேல் வருகிறது என்று கவனித்தபடி இரண்டு முறை சொல்லிப் பாருங்கள். இரட்டைப்பட்ட அடிகளின் கடைசி எண்ணிக்கையில் ஓர் அசை குறையும். அந்த இடைவெளியில் மூச்சு எடுத்துக்கொள்ளலாம். காவடிச் சிந்து கேட்டுப் பழகிய குடும்பத்தில் இதைப் பிள்ளைகளே பிடித்துவிடுவார்கள். குதிரையும் மாடும் நடக்கும் ஓசை அந்த நடைக்குள் இருப்பது விளக்கவுரை இல்லாமலே தெரிந்துவிடும். ஏட்டில் நிலம் மேய்ச்சல் புல்வெளி, அதாவது முல்லை. தொழில் மாடு ஓட்டுதல். உரியோ முல்லைக்குரிய காத்திருத்தலாக இல்லாமல், நகரத்து மனிதனின் ஏக்கமாக இருக்கிறது. இப்படி ஒன்று பொருந்தாமல் நிற்கும் இடத்தை அடிக்கோடிட்டு வையுங்கள். வலப்பக்கத்தில் எழுதுவதற்கு விஷயம் அங்கேதான் இருக்கிறது.

நாட்டுப்புறத்தை இப்படி அழகுபடுத்துவது பொய் என்று லாசன் 1892-இல் அதே இதழில் கவிதையாலேயே வாதாட, பேட்டர்சன் கவிதையாலேயே மறுத்தார். லாவணிக் கச்சேரி தெரிந்தவர்களுக்கு இந்த விளையாட்டு உடனே புரியும். என் கட்சி லாசன் கட்சி. வறட்சியில் வெந்த மண்ணையும், துணையில்லாமல் குடிசையில் தனித்திருக்கும் பெண்ணையும் பார்த்தவர் அவர். சிறுவயதிலேயே காது நோயால் செவித்திறனைப் பெரும்பாலும் இழந்தவர் என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். பின்னாளில் வந்த ஜூடித் ரைட்டும் இளம் வயதிலிருந்தே கேள்வித்திறன் குறைந்து வந்தவர். அந்த நாட்டின் ஒலியை எழுதிய இரண்டு பெரிய கவிஞர்களுக்கு அது பாதி நினைவிலிருந்தே வந்திருக்க வேண்டும்.

கென்னத் ஸ்லெஸ்ஸரின் ‘ஃபைவ் பெல்ஸ்’ (1939) நீளமானது, எளிதும் அல்ல. 1927-இல் சிட்னித் துறைமுகத்தில் ஃபெரியிலிருந்து விழுந்து மூழ்கிய ஜோ லிஞ்ச் என்ற ஓவிய நண்பரை நினைத்து எழுதியது. கப்பலில் நேரம் அறிவிக்கும் மணி ஐந்து முறை ஒலித்து முடிவதற்குள் ஒருவனின் வாழ்க்கை முழுவதும் மனத்தில் ஓடிவிடுகிறது. கடலும் இரங்கலும் சேர்ந்த நெய்தல் இது, சங்கப் புலவர்கள் தங்களவர் என்றே சொல்லிக்கொண்டிருப்பார்கள். இதைப் படிக்கத் தகுந்த இடம் நம்மிடம் இருக்கிறது. பட்டர்வொர்த்திலிருந்து ஜார்ஜ்டவுனுக்கு இரவு ஃபெரியில் வரும்போது படியுங்கள். பாதி புரியாவிட்டாலும் தண்ணீரின் மேல் உடைந்து கிடக்கும் விளக்கொளி மீதிப் பாதியை விளக்கிவிடும்.

ஊஜரூ நூனுக்கலின் கவிதைகளைத் தவறவிடக் கூடாது. 1964-இல் வெளிவந்த அவருடைய ‘வி ஆர் கோயிங்’தான் ஆதிகுடிக் கவிஞர் ஒருவரின் அச்சேறிய முதல் கவிதை நூல். அதை வெளியிடலாம் என்று பதிப்பகத்துக்குப் பரிந்துரைத்தவர், நிலவுடைமைக் குடும்பத்தில் பிறந்த ஜூடித் ரைட். இருவரும் வாழ்நாள் முழுவதும் தோழிகளாக இருந்தார்கள். நகரத் தெருவில் தார் சூழ நிற்கும் யூகலிப்டஸ் மரத்தைப் பற்றி ஊஜரூ எழுதிய சிறு கவிதையை எடுத்துத் திணை வகுக்க முயன்று பாருங்கள். நிலம் இருக்கிறது, ஆனால் தார் மூடிவிட்டது. மரம் இருக்கிறது, ஆனால் அதன் காடு இல்லை. முதற்பொருளைப் பறிகொடுத்த கருப்பொருள் அது. இந்த ஒரு பதிவுக்கு இரண்டு வாரம்கூட எடுத்துக்கொள்ளலாம்.

பாட்டைக் கேட்கும் முறை

பாடகர் பால் கெல்லியின் ‘ஹவ் டு மேக் கிரேவி’யில் (1996) தொடங்குங்கள். சிறையில் இருக்கும் ஜோ என்பவன் கிறிஸ்துமசுக்கு நான்கு நாள் முன்னதாக டேன் என்ற உறவினனுக்கு எழுதும் கடிதம்தான் அந்தப் பாட்டு. பல்லவி கிடையாது. விமானத்தில் யார் வருகிறார்கள், காரில் யார் வருகிறார்கள், வெயில் எவ்வளவு கொளுத்தப் போகிறது என்று விசாரித்துக்கொண்டே வந்து, இனி வறுத்த இறைச்சிக்கு யார் கிரேவி செய்வார்கள் என்று கவலைப்பட்டு, செய்முறையையும் எழுதி விடுகிறான்: மாவு, உப்பு, கொஞ்சம் சிவப்பு ஒயின், இனிப்புக்குத் தக்காளி சாஸ். தீபாவளிக்கு ஆட்டிறைச்சிக் குழம்பு வைக்கும் ஒரே கை வீட்டில் இல்லாமற்போனால் நம் குடும்பம் எப்படித் திண்டாடும் என்று யோசித்தால் இந்தப் பாட்டுக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. உணவு கருப்பொருள், பிரிவு உரிப்பொருள். கொளுத்தும் வெயிலில் குளிர்நாட்டுப் பண்டிகைச் சமையல் என்ற பொருந்தாமையும் உள்ளே இருக்கிறது. மார்கழிப் பனியைப் பாடும் நமக்கு அது அந்நியமல்ல.

கடிதத்தில் அவன் இடும் தேதி டிசம்பர் 21. அங்கே அந்த நாளையே பலர் கிரேவி நாள் என்று கொண்டாடுகிறார்கள். கிளான்சி கவிதை வெளிவந்த தேதியும் அதுதான், அதுவும் கடிதக் கவிதைதான். திட்டமிடாமல் நேர்ந்த ஒற்றுமை என்றாலும், ஏட்டில் இரண்டையும் எதிரெதிர்ப் பக்கங்களில் வைக்க அது போதுமான காரணம். நெடுந்தொலைவு கடந்து போகும் கடிதத்தை நம்பி வாழ்ந்த நாடு அது, தோட்டத்து லயன் வீடுகளில் ஊர்க் கடிதம் படித்துக் கேட்ட தலைமுறையின் பேரப்பிள்ளைகளுக்கு அந்த நாட்டின் இந்தப் பக்கம் சட்டென்று புலப்படும்.

குருமுல் என்று அறியப்பட்ட ஜெஃப்ரி குருமுல் யூனுபிங்குவைக் கேட்க மொழி தேவையில்லை. வடக்கில் அர்னம்லாந்துக் கரையோரம் எல்கோ தீவில் பிறந்தவர், பிறவியிலேயே பார்வை இல்லாதவர், 2017-இல் காலமானார். பெரும்பாலும் தம் யொல்ங்கு மக்களின் மொழிகளில் பாடினார். 2008-இல் வந்த தொகுப்பை முதல் முறை கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். இரண்டாம் முறை பாடல் விளக்கத்தைப் பாருங்கள். பறவையின் கூவல் மூத்தோரின் நினைவைத் தங்கள் காட்டுக்கு இட்டுச் செல்வதுபோன்ற பாடல்கள் அதில் வரும். நிலம், புள், ஏக்கம் என்று நம் இலக்கணம் கேட்கும் மூன்றையும் அவர் யாரிடமும் கற்காமல் தம் மரபிலிருந்தே கொண்டுவருகிறார். காலமான ஆதிகுடியினரின் பெயரையும் படத்தையும் குரலையும் வெளியிடுவதில் பல சமூகங்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. குருமுலின் பெயரைப் பயன்படுத்த அவருடைய குடும்பம் பின்னர் இசைவு அளித்தது. நீங்கள் குறிப்பேட்டைப் பிறருக்குக் காட்டுவதாக இருந்தால் இதை நினைவில் கொள்ளுங்கள்.

ஆர்ச்சி ரோச்சின் ‘டுக் தி சில்ட்ரன் அவே’ (1990) கேட்பதற்குமுன் கொஞ்சம் வரலாறு வேண்டும். ஆதிகுடிக் குழந்தைகளை அரசாங்கமே பெற்றோரிடமிருந்து பிரித்தெடுத்து விடுதிகளிலும் வெள்ளையர் வீடுகளிலும் வளர்த்தது. ரோச்சும் அப்படிப் பிரிக்கப்பட்ட குழந்தை. இதுகுறித்த விசாரணை அறிக்கை 1997-இல் வெளிவந்தது. 2008 பிப்ரவரி 13-ஆம் தேதி பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். ஏட்டில் இதற்குப் பாலை என்று எழுதக் கை போகும். நிறுத்துங்கள். பாலையின் பிரிவில் தலைவன் பொருள் தேடித் தானாகப் போகிறான், திரும்பி வருவான் என்ற நம்பிக்கை இருக்கிறது. இங்கே போனது குழந்தை, பிரித்தது சட்டம். அதேபோல, நம் தோட்டப்புறத் துயரத்தை உடனே கொண்டுவந்து பக்கத்தில் வைக்கவும் அவசரப்பட வேண்டாம். ஒவ்வொரு துயரமும் முதலில் தன் சொந்தக் காரணத்தோடு கேட்கப்பட வேண்டும். உரிப்பொருளின் கட்டத்தை இந்த ஒரு முறை காலியாக விடலாம்.

சாஸ்திரிய இசையில் நாட்டமுள்ளவர்கள் இசையமைப்பாளர் பீட்டர் ஸ்கல்தோர்ப்பின் ‘எர்த் கிரை’யை (1986) வில்லியம் பார்ட்டன், ஆதிகுடிகளின் நீண்ட மரக்குழலான டிஜெரிடூ வாசிக்கும் பதிவில் தேடிக் கேட்கட்டும். தம்புராவின் சுருதியில் ஊறிய காதுக்கு அந்த அடிநாதம் சிரமம் தராது.

வலப்பக்கத்தில் எழுதுவது

அரைப் பக்கத்தைத் தாண்டாதீர்கள். முதல் வாக்கியம் அங்குள்ள ஏதேனும் ஒரு பொருளைப் பற்றியதாக இருக்கட்டும்: கேபிள் டை, தக்காளி சாஸ், தார் சாலை மரம். கங்காருவும் ஓபரா ஹவுசும் ஏட்டுக்குள் வர வேண்டாம், அவற்றை எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பிறகு இடப்பக்கத்தில் அடிக்கோடிட்ட பொருந்தாத இடத்துக்கு வாருங்கள். அது ஏன் பொருந்தவில்லை என்று இரண்டு மூன்று வாக்கியத்தில் சொல்லிவிட்டு, நம் பக்கத்திலிருந்து ஒன்றை வையுங்கள், அதுவும் நீங்கள் கண்ணால் பார்த்ததாக இருக்க வேண்டும். “இசை எல்லைகளைக் கடந்தது” என்பதுபோன்ற வாக்கியம் வந்தால் அடித்துவிடுங்கள். அந்த வாக்கியத்தை எழுத எந்தப் பாட்டையும் கேட்க வேண்டியதில்லை. எழுதியதை வாரக் கடைசியில் அங்குள்ள உறவினருக்குக் குரல்பதிவாக அனுப்பினால் திருத்தங்கள் வரும். அவற்றை வேறு மையில் ஓரத்தில் எழுதுங்கள், மூலத்தை அழிக்க வேண்டாம்.

ஆண்டின் பிற்பகுதிக்கு இரண்டு மலேசியத் தொடர்புகளை ஒதுக்கி வைத்திருக்கிறேன். மலாக்காவில் பிறந்த பாபா சீனக் கவிஞர் ஈ தியாங் ஹோங் 1975-இல் பெர்த்துக்குக் குடிபெயர்ந்து 1990-இல் காலமானார். மலாக்காவின் தெருவொன்றின் பெயரைத் தாங்கிய ‘டிராங்குவேரா’ (1985) என்ற அவருடைய தொகுப்பில், பிரிந்துபோனவர் பார்க்கும் நம் நாடு இருக்கிறது. அவரைப் படிக்கும் வாரத்தில் ஏட்டைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். நிலம் இங்கே, எழுதுபவர் அங்கே. இரண்டாமவர் ஒமார் மூசா, குவீன்பியன் என்ற ஆஸ்திரேலிய நகரில் வளர்ந்தவர், சபா வேர்கள் உள்ளவர், ராப் பாடகரும் கூட. அவரைத் தாளில் படிப்பதைவிட மேடையில் சொல்லும் காணொளிகளில் பார்ப்பது நல்லது. வீட்டில் ஐந்தாம் படிவம் படிக்கும் பிள்ளை இருந்தால் இந்தப் பதிவை அதனிடமே விட்டுவிடுங்கள், இடப்பக்கத்தின் மூன்று பகுதிகளை மட்டும் நீங்கள் கோடு போட்டுக் கொடுத்தால் போதும்.